வானம் நீலம் என்று முகிலரிடம் சொல்லிவிடாதீர்கள்

ரொறன்ரோவில் வீட்டுச் சுவருக்கு நிறம் அடிக்கிற தமிழ்ப் பெயின்ரர்மார் எத்தனை நூறு பேர் இருக்கிறார்களோ தெரியாது. ஆனால் வானம் நீல நிறம் என்று சொன்ன குற்றத்துக்காக, வீட்டுக்காரரை அவருடைய சொந்த வீட்டைவிட்டே வெளியே போகச் சொன்ன பெயின்ரர் முகிலர் ஒருவர்தான். இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. அன்றைக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் போனார் என்பதுதான் விசேஷம். பின்வளவில் நின்று பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, "அண்ணை சொல்லுறது சரிதான், கொஞ்சம் சாம்பலும் கிடக்கு" என்றார்.

முகிலரின் சொந்தப் பெயர் என்னவென்று ஸ்காபரோவில் ஒருவருக்கும் தெரியாது. மனைவியைக் கேட்கலாம் என்றால், அந்த அம்மா வாழ்நாள் முழுக்க "இஞ்சருங்கோ" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகிலர் என்று பட்டம் வைத்தது தாங்கள்தான் என்று மூன்று பேர் இன்றைக்கும் உரிமை கொண்டாடுகிறார்கள். அவருக்கு அதில் கோபம் கிடையாது. மேகத்தை முகில் என்று சொல்கிற சனத்திடமிருந்து இதைவிட நல்ல பட்டம் கிடைக்காது என்று நினைத்தாரோ என்னவோ.

நான் அவரோடு கூட்டுச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பெயின்ரையும் அதற்கு முதல் அடிக்கிற ப்ரைமரையும் பிரித்தறியத் தெரியாது. ஆனால் என்னிடம் ஒரு வாகனம் இருந்தது. அவரிடம் இல்லை.

ஏன் இல்லை என்பது தனிக்கதை. ஒருநாள் 401 நெடுஞ்சாலையில் போகிறபோது காரைக் கரையில் நிறுத்திவிட்டு, பொனற்றில் ஏறி இருந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பொலிஸ்காரர் வந்து என்ன அவசரம் என்று கேட்டார். முகிலர் மேற்கு வானத்துக்குக் கையை நீட்டினார். பொலிஸ்காரரும் பார்த்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு "யெஸ், ஐ சீ" என்று சொல்லிவிட்டு அபராத ரிக்கற்றை எழுதிக் கொடுத்தார். "நல்ல பொடியன்" என்று முகிலர் அவரைப் புகழாத நாள் இல்லை. "பாத்திட்டுத்தான் எழுதினவன்." மூன்றாவது ரிக்கற்றோடு மனைவி கார்த் திறப்பைச் சாவிக்கொத்தோடு ஒளித்துவிட்டார்.

இந்த வானம் பார்க்கிற வருத்தம் அவருக்கு லண்டனில் தொற்றியது. கனடாவுக்கு வரமுதல் ஐந்து வருடம் அங்கே ஒரு பெரிய ஓவியக் காட்சிச்சாலையில் நிலம் துடைத்திருக்கிறார். ஆட்கள் வருவதற்கு முதல், காலையில், மெஷினை உருட்டிக்கொண்டு அறை அறையாகப் போகவேண்டும். சுவர் முழுக்க ஆங்கிலேயர்கள் கீறிய வானம். நிலத்தைப் பார்த்துத் துடைக்க வேண்டிய மனிதர் சுவரைப் பார்த்துத் துடைத்திருக்கிறார். வானம் இல்லாத அறைகளை அவர் ஒழுங்காகத் துடைத்ததாகத் தெரியவில்லை. "அங்கயெல்லாம் வெறும் பிரபுமாரும் நாயளும்" என்பார்.

ஓவியர்களின் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஊரில் ஒருவரை எப்படி அடையாளம் சொல்வோமோ அப்படித்தான் சொல்வார், தகப்பனின் தொழிலை வைத்து. "மில்காரற்றை பொடியன் இருக்கிறானெல்லே" என்று தொடங்கினால், முதல் ஒரு மாதம் நான் அது அவருடைய பக்கத்து வீட்டுப் பொடியன் என்றே நினைத்திருந்தேன். நல்லாய் இருக்கிறானோ, எங்கே இருக்கிறான் என்றுகூட விசாரித்தேன். அது இருநூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலேயர் என்று பிறகுதான் விளங்கியது.

"அவற்றை தேப்பன் காத்தாடி மில் வைச்சு மா அரைச்சவர். காத்து எந்தப் பக்கம் எண்டு தெரியாட்டி மில் ஓடாது. அதாலை பொடியன் சின்னனிலயே வானம் பாத்துப் பழகிட்டான். பேந்து ஒவ்வொரு முகிலா இருந்து கீறி, பின்பக்கத்தில திகதி, நேரம், காத்தின்ரை திசை எல்லாம் எழுதி வைச்சவன். முகிலுக்கு சாதகம் எழுதினவன் அவன் ஒருத்தன்தான், தம்பி."

அடுத்தவர் சலூன்காரற்றை பொடியன். இவர் புயலைப் பார்க்கவேண்டும் என்று தன்னைக் கப்பலின் பாய்மரத்தில் கட்டச் சொல்லி, நாலு மணித்தியாலம் நடுக்கடலில் நின்றாராம்.

"உண்மையோ அண்ணை?"

"பொய் எண்டுதான் படிச்ச ஆக்கள் சொல்லுகினம். எனக்கென்ன? உப்பிடி ஒரு பொய் சொல்லுறதுக்கும் துணிவு வேணும். அவன்ரை படத்தைப் பாத்து, சவர்க்கார நுரையும் சுண்ணாம்பும் எண்டு பகிடி பண்ணினவை. என்ன நடந்தது? சுண்ணாம்பு இண்டைக்கும் சுவரில நிக்குது. பகிடி பண்ணினவையைக் காணேல்லை."

ஒரு பிறந்தநாள் விழாவில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கோட் போட்ட ஒருவர் முகத்தைச் சுளித்து, "ஆர், பாபர்ற்றை மகனோ?" என்று ஒரு மாதிரிச் சிரித்தார். எந்தச் சிரிப்பு என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முகிலர் கையிலிருந்த கேக் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "ஓம். சலூன்காரற்றை மகன்தான். வானத்தையே பிடிச்சுக் கொண்டந்தவன். உங்கட தேப்பனார் என்ன செய்தவர்? சரி, அதை விடுவம். நீங்கள் என்ன கீறினீங்கள்?" கோட்காரர் அன்றைக்குச் சாப்பிடாமலே போனார். நாங்களும்தான். எங்களை அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது ஆள் வக்கீலற்றை பொடியன். காற்றை எப்படிக் கீறுவது என்பதுதான் அவருடைய கேள்வியாம். அவருடைய படத்தில், கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு வெள்ளைப் பறவை. ஒருவர் பம்ப் வைத்துக் குடுவைக்குள் இருக்கிற காற்றை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார். சுற்றிவர நின்று எல்லாரும் பார்க்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை முகத்தைப் பொத்துகிறாள். "காத்து இல்லாத இடத்தைக் கீறித்தான், தம்பி, அவன் காத்தைக் காட்டினவன்!" என்று முகிலர் சோற்றுப் பார்சலோடு கையை உயர்த்துவார். இதைச் சாப்பாட்டு நேரத்தில்தான் சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் மூச்சுவிட மறந்து, கோழிக்கறியைத் தொடமுடியாமல் மூடிவைத்த நாட்கள் உண்டு.

"வெள்ளைக்காரனை எதுக்கு அண்ணை இப்பிடித் தூக்கிப் பிடிக்கிறியள்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"ஆர் தூக்கிப் பிடிச்சது? எங்களை ஆண்டவன், சுரண்டினவன், கடைசியில அடிபட விட்டிட்டுப் போனவன். அதுக்கெல்லாம் என்னட்டை மன்னிப்பில்லை. ஆனா வானத்தை ஒழுங்காப் பாத்தவன். வேற என்ன கிடந்தது அவனுக்குப் பாக்க? நாள் முழுக்க மழை!"

இப்படிப்பட்டவரிடம் அஜின்கோர்ட்டில் ஒரு இளம் தம்பதி, பிறந்த குழந்தையின் அறைக்கு நீல வானமும் பஞ்சு முகிலும் வேண்டும் என்று கேட்டார்கள். பின்னேரம் வந்து பார்த்தால் சுவரில் பெப்ரவரி மாதம் நிற்கிறது. கனத்த சாம்பல் வானம், இன்னும் அரை மணித்தியாலத்தில் பனி கொட்டும் என்கிற மாதிரி. தகப்பன்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "அங்கிள், இது பேபி ரூம்." முகிலர் தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "பிள்ளை கனடாவில பிறந்தது. பொய் சொல்லி வளக்கப்போறியளோ?" அந்தப் பிள்ளை அந்த அறையில் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கியது என்று தாய் பிறகு சொன்னதை, முகிலர் தன் வாழ்நாளின் ஒரே விருதாக வைத்திருந்தார்.

இனி ஹோல் கதைக்கு வருகிறேன்.

மில்லிக்கனில், முந்திக் கம்பளம் விற்ற ஒரு பெரிய கடையை வாங்கி ஒருவர் கலியாண மண்டபம், எங்கள் ஆட்கள் சொல்கிற ஹோல், ஆக்கினார். அவரை ஹோல்காரர் என்றே சொல்வோம். அமெரிக்காவில் ஏதோ சூதாட்ட விடுதியின் உட்கூரையைப் படம் பிடித்துக்கொண்டு வந்து முகிலரிடம் நீட்டினார். கடும் நீலம். அதில் ஒரே அளவாக வெட்டி ஒட்டின மாதிரி வெள்ளை முகில்கள். "இதே மாதிரி வேணும், அண்ணை. ஒரு முகில் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்." முகிலர் சண்டை பிடிக்கவில்லை. படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நான் அப்போதே பயந்திருக்க வேண்டும். ஹோல்காரர் கோயில் திருவிழாவுக்கென்று மூன்று கிழமை ஊருக்குப் போனார். மறுநாள் மத்தியானமே அந்தப் படம் வடை எண்ணெய் துடைக்கிற கடதாசி ஆகிவிட்டது.

மூன்று கிழமையும் காலையில் முதல் அரை மணித்தியாலம் கார் நிறுத்துமிடத்தில் நின்று வானம் பார்ப்பது வேலை. பிறகு பலகைச் சாரத்தில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டு கீறுவது. கலந்த பெயின்ற் ரின்களில் நிறத்தின் பெயர் இருக்காது. "மார்ச், மத்தியானம்", "மழைக்கு முதல்", "மழைக்குப் பிறகு, தார் ரோட்டு" என்று எழுதி ஒட்டியிருப்பார். "முகிலைக் கீறுறது லேசு, தம்பி. முகிலுக்கும் எங்களுக்கும் நடுவில கிடக்கிற காத்தைக் கீறுறதுதான் வேலை" என்று மேலிருந்து சொல்வார். அவர் தாடியிலிருந்து எனக்கு மேல் சொட்டும். முடிவில் கிழக்குச் சுவரின் மேல் விளிம்பில், மில்காரற்றை பொடியனைப் போலவே எழுதினார்: பின்னேரம் மூன்று மணி, வடமேல் காற்று.

ஹோல்காரர் விமானத்தால் இறங்கி நேரே வந்து கதவைத் திறந்து, மேலே பார்த்து, "ஐயோ, என்ரை ஹோலுக்குள்ள மழை!" என்று கத்தினார். உண்மையும் அதுதான். கிழக்குப் பக்கம் முழுக்க வயிறு தொங்கிய கருமுகில். நடுவில் கிழிந்துபோன முகில்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போயின. மேற்கே, சமையலறைக் கதவுக்கு மேலே மட்டும் வெளிச்சம். இரண்டு நாளில் முதல் கலியாணம் இருந்தபடியால் அழிக்க நேரமில்லை.

அந்தக் கலியாணத்தில் அன்ரிமார் ஒவ்வொருவராகச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினார்கள். "ஏசியைக் குறையுங்கோ" என்று நாலு தடவை ஆள் வந்தது. ஏசி போடவே இல்லை. ஒரு பெரியவர் தாலி கட்டுகிற நேரத்தில் எழும்பி ஓடினார். கார்க் கண்ணாடியைத் திறந்துவிட்டு வந்த ஞாபகமாம். ஹோல்காரருக்கு அழுகை வந்தது. ஆனால் அடுத்த கிழமையிலிருந்து சனம் சும்மா சும்மா வந்து அண்ணாந்து பார்க்கத் தொடங்கியது. "மழை ஹோல்" என்று பெயர் பரவியது. ஹோல்காரர் மாதத்துக்கு ஒருமுறை நீலம் அடிக்கப்போகிறேன் என்று வெருட்டுவார். அடிக்கவில்லை.

அதற்கிடையில் முகிலரின் வலது தோள் போய்விட்டது. மூன்று கிழமை மல்லாந்து கீறியதன் பலன். கையைத் தலைக்கு மேலே தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வெறும் நிறம் அடிக்கிற கூரையெல்லாம் நான். அவர் கீழே நின்று பிழை பிடிப்பார். ஆகவே அந்த மழை ஹோல் கூரை போனால் அவருக்கு வேறொன்று இல்லை. இன்னொன்று கீற அவரிடம் தோள் கிடையாது. அவர் வாயால் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து அவருடைய ஒரே மகள் சாருவுக்குக் கலியாணம் நிச்சயமானது. எந்த ஹோல் என்று கேட்கவேண்டுமா? ஒரு கிழமைக்கு முதல் ஹோல்காரர் எனக்குப் போன் எடுத்தார். குரலில் அப்படியொரு சந்தோசம். "மாப்பிள்ளையின்ரை தாய் வந்து பாத்திட்டு, உந்தக் கூரைக்குக் கீழ தாலி கட்டேலாதாம் எண்டு சொல்லிப்போட்டா. நீலம் அடிக்கட்டாம். நான் சொன்னால் அண்ணை சண்டை பிடிப்பார். இப்ப சம்மந்தியெல்லே சொல்லுறா!"

முகிலருக்குச் சொன்னேன். வாகனத்தில் ஏறியதிலிருந்து ஹோல் வரும்வரை கர்ஜித்துக்கொண்டே வந்தார். "அவவுக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும்? இண்டைக்கு மூண்டு பொடியளையும் இறக்கிறன் பார்!" மூன்று பொடியளும் என்றால் மில், சலூன், வக்கீல். எனக்கு அந்தப் பெண்மணியை நினைத்துப் பாவமாக இருந்தது.

மாப்பிள்ளையின் தாயார் மட்டக்களப்பு ஆள், பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சு. மோர்னிங்சைட்டில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். மெலிந்த, சத்தம் போடாத மனுசி. முகிலர் வாயைத் திறக்க முதல் அவர் பேசிவிட்டார்.

"ஐயா, குறை சொல்றன் எண்டு நினைக்காதீங்க. எனக்கு எட்டு வயசில சூறாவளி வந்த. எங்கட வீட்டுக் கூரை என்ர கண்ணுக்கு முன்னால பறந்து போன. அதுக்கு முதல் வானம் இப்படித்தான் கறுத்துத் தொங்கிக்கொண்டு நிண்ட. இந்தக் கதிரையில அஞ்சு நிமிசம் இருந்து பாத்தன். ஏலாமப் போச்சு, எழும்பி வெளிய ஓடிட்டன். என்ர மகன் இதுக்குக் கீழ இருக்கக்குள்ள நான் எப்படி நிப்பன்?"

முகிலர் மூன்று பொடியளில் ஒருவரையும் இறக்கவில்லை. நெடுநேரம் அந்தக் கருமுகிலைப் பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை காலமை நீலம் அடிச்சுத் தாறன், அம்மா" என்றார்.

வாகனத்தில் நான் கத்தினேன். எனக்கு அவ்வளவு கோபம் வரும் என்று எனக்கே தெரியாது. "என்ன அண்ணை விசர்க் கதை? குழந்தைப்பிள்ளைக்கே பொய் சொல்லமாட்டன் எண்ட ஆள் நீங்கள்!"

"அந்த மனுசி பயந்திட்டா, தம்பி. நான் கீறினதைப் பாத்துப் பயந்திட்டா. இனி நான் என்னத்தை அவவோட வாதாடுறது?" என்றார். "என்ரை பிள்ளை நாளைக்கு அவவின்ரை வீட்டுக்குப் போறவள்."

சாரு அதைக் கேட்டு வீட்டில் குதித்திருக்கிறாள். பஸ் ஓட்டுகிற பிள்ளை. குரல் பின் சீற்வரைக்கும் கேட்கும். "அப்பா, ஆர் யூ சீரியஸ்? நீலம் அடிச்சீங்கள் எண்டால் நான் சிற்றி ஹோலில போய் கலியாண ரெஜிஸ்ரரில சைன் பண்ணிப்போட்டு வருவன். ஐ மீன் இற்!" சண்டை பிடிக்காத முகிலரை அந்த வீடு முதல்தடவையாகப் பார்த்தது. மனைவி எனக்குப் போன் பண்ணி, "தம்பி, இவருக்குக் காய்ச்சலோ தெரியேல்லை" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் நிலத்தில் துணி விரித்தாயிற்று. இரண்டு பெரிய வாளியில் நீலம். சாரம் கருமுகிலுக்குக் கீழே நிற்கிறது. முகிலர் ரோலரை என்னிடம் நீட்டினார்.

"நான் அடிக்கமாட்டன்" என்றேன்.

"என்ன?"

"மாட்டன் எண்டால் மாட்டன். வேற ஆளைப் பிடியுங்கோ." என் வாழ்க்கையில் ஒருவருக்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். தொழிற்சாலையில் சனி ஞாயிறு வா என்றாலும் போனவன். அன்றைக்கு அந்த நீல வாளிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முகிலர் தானே ஏறினார். ரோலரை நீலத்தில் தோய்த்து, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு இழுவை இழுத்தார். கருமுகிலின் வயிற்றில் ஒரு முழ நீளத்துக்கு நீலக் கோடு விழுந்தது. அவ்வளவுதான். கையை இறக்க முடியவில்லை. தூக்கின கை தூக்கினபடி, கண்ணை மூடிக்கொண்டு சாரத்தில் இருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மாப்பிள்ளையின் தாயார், வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பலகாரப் பெட்டிகளை வைத்துவிட்டுப் போக வந்திருந்தார். நான் சாரத்தில் ஏறி முகிலரின் கையைப் பிடித்து மெல்ல இறக்குவதை அவர் கீழே நின்று பார்த்தார். பெட்டிகளை வைத்தார். வெளியே ஓடவில்லை. பயத்தோடு ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவர்வரைக்கும் கூரையைப் பார்த்தார். முதல்தடவை வந்தபோது அவர் கிழக்கைத்தான் பார்த்திருக்கிறார்.

"அந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கே, அது என்ன?"

முகிலர் மேலே இருந்தபடியே, தோளைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார். "வடமேல் காத்து, அம்மா. அங்க எழுதியும் கிடக்கு. மேற்கில வெளிச்சுக்கொண்டு வருது. இது வாற மழை இல்லை. போற மழை."

அந்த அம்மா மேற்குப் பக்கம் நடந்து போய்ச் சமையலறைக் கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தார். நான் வாளியை மூடவா விடவா என்று தெரியாமல் நின்றேன்.

"அந்தச் சூறாவளி அடிச்சு விடியக்குள்ள நாங்க வெளிய வந்து பாத்த" என்றார் கடைசியில். "ஊரெல்லாம் முறிஞ்சு கிடந்த. ஆனா வானம் இப்படித்தான் ஒரு பக்கத்தால வெளிச்சுக்கொண்டு வந்த. அப்பதான் என்ர அம்மா அடுப்பு மூட்டின." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடிக்க வேணாம், ஐயா. இருக்கட்டும். ஆனா ஒண்டு. மணவறைக்கு மேல நிக்கிற அந்தக் கறுப்பை மட்டும் கொஞ்சம் அங்கால தள்ளி விடுங்க."

முகிலர் நிமிர்ந்தார். "தள்ளுறதோ? முகிலைத் தள்ளுறதோ? வடமேல் காத்தில அது வேற எங்க நிக்கும்? மில்காரற்றை பொடியன் கேட்டால் என்ன சொல்லுவான்?"

"அது யாரு, உங்கட சொந்தக்காரரா?"

எனக்கு வந்த சந்தோசத்தை எழுத முடியாது. முகிலர் சண்டை பிடிக்கிறார்! ஒரு மணித்தியாலம் பிடித்தார். சம்மந்தி அம்மாவும் சளைக்கவில்லை. முதியோர் இல்லத்தில் பிடிவாதக்காரர்களைப் பார்த்துப் பழகினவர். கடைசியில் முகிலைத் தள்ள முடியாது, மணவறையைத் தள்ளலாம் என்று முடிவானது. மேடையில் இருந்த மணவறை மேற்குச் சுவருக்கு, சமையலறைக் கதவடிக்கு வந்தது. ஹோல்காரர் வயர், லைட், கதிரை என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஓடித் திரிந்தார். ஐயர் வந்து பார்த்து, "இப்பதான் கிழக்குப் பார்த்து இருக்கினம், இவ்வளவு நாளும் பிழையாத்தான் கட்டிவைச்சனாங்கள்" என்று ஒரு போடு போட்டார். அதைக் கேள்விப்பட்டபோது, முந்தி அந்த ஹோலில் தாலி கட்டினவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மிச்சம் அந்த நீலக் கோடு. முகிலருக்குக் கை இல்லை. "மழைக்கு முதல்" ரின்னைத் திறந்துகொண்டு நான் ஏறினேன். வாழ்க்கையில் நான் கீறிய முதல் முகில். கீழே நின்று முகிலர் போட்ட சத்தத்தில் சமையல்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இடப்பக்கம்! இடப்பக்கம்! ஐயோ, காத்து இல்லை, தம்பி, காத்து இல்லை!" முடித்துவிட்டு இறங்கிப் பார்த்தேன். பஞ்சு பிதுங்கின பழைய மெத்தை ஒன்று வானத்தில் கிடந்தது. சனிக்கிழமை சாருவின் கலியாணம் வடை வாசத்தோடு நடந்தது. மாப்பிள்ளையின் தாயார் மகனுக்குப் பக்கத்தில் கடைசிவரைக்கும் நின்றார்.

போன வருடம் முகிலரும் மனைவியும் சாருவோடு, கனடாவின் மேற்குப் பக்கம் மூவாயிரம் கிலோமீற்றர் தள்ளி இருக்கிற கல்கரிக்குக் குடிபோனார்கள். போவதற்கு முதல்நாள் என்னிடம், "ஒருக்கா ஹோலடிக்கு விடு" என்றார். உள்ளே போய் நடுவில் நின்று வழக்கம்போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். தான் கீறினதிலேயே நாலு பிழை பிடித்தார். ஹோல்காரருக்கு அன்றைக்கு நல்ல மனம். சிரித்துக்கொண்டே, "அண்ணை, கல்கரியில நல்ல பெயின்ரர் ஆரையும் தெரிஞ்சால் அனுப்புங்கோ. உந்த மெத்தையை ஒருக்காச் சரிப்பண்ண வேணும். வாற போற சனமெல்லாம் கேக்குது" என்றார்.

ஒரு முகில் பிழையாக இருந்தால் நித்திரை வராத மனிதர். ஹோல்காரரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

"கூரை முழுக்க நீலம் அடிக்கிறதெண்டாலும் அடி. அதில மட்டும் கை வைச்சியோ, கல்கரியில இருந்து நடந்து வருவன். அது இவன் கீறினது."

வாகனத்தில் வந்து ஏறினோம். நான் திறப்பைப் போட்டுவிட்டு, திருப்பாமல் இருந்தேன்.

"என்ன, பற்றரி செத்துப்போச்சோ?"

"இல்லை, அண்ணை" என்றேன். "கொஞ்சம் இருங்கோ."